மந்தநிலை முடிந்தது, வேலை எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

2010 செப்டம்பரில் அமெரிக்காவின் தேசியப் பொருளாதார ஆய்வுக் கழகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தநிலை 2009 ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது என்றது அந்த அறிவிப்பு. அது வெளியான நாளில் அந்த நாட்டில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேர் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக் கடனைக் கட்ட முடியாமல் வீட்டை இழந்துகொண்டிருந்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர். கணக்குப்படி மந்தம் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவர்கள் வீட்டில் அது முடியவில்லை.

இதில் முரண்பாடு எதுவும் இல்லை. உற்பத்தி சரிவது நின்று, மெல்ல ஏறத் தொடங்கினாலே மந்தம் முடிந்தது என்று பொருளியலாளர்கள் கணக்கெழுதிவிடுவார்கள். வேலை அப்படி உடனே திரும்புவதில்லை. ஆர்டர் கொஞ்சம் கூடினால் முதலாளி முதலில் இருக்கிற ஆட்களுக்கே ஓவர்டைம் கொடுப்பார். அதுவும் போதாவிட்டால் தற்காலிக ஆட்களைக் கூப்பிடுவார். இந்த ஆர்டர் நிலைக்கும் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் நிரந்தர ஆள் எடுப்பார். அந்த நம்பிக்கை சீக்கிரம் வருவதா, வருடக்கணக்கில் இழுப்பதா என்பதில் அரசின் கொள்கைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

இரண்டு காலங்களை எடுத்துக்கொள்வோம். 2008 ஜனவரியில் அமெரிக்க நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் சுமார் 13 கோடியே 80 லட்சம் பேர் இருந்தார்கள். 2010 பிப்ரவரிக்குள் அதில் 87 லட்சம் வேலைகள் போய்விட்டன. பழைய எண்ணிக்கையைத் திரும்பத் தொட 2014 மே மாதம் வரை ஆனது. ஆறு வருடத்துக்கும் மேல். அந்த ஆறு வருடத்தில் படிப்பை முடித்து வெளியே வந்த பிள்ளைகளின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் 2020. கொரோனாவில் இரண்டே மாதத்தில் 2 கோடியே 20 லட்சம் வேலைகள் போயின. ஏப்ரலில் வேலையின்மை விகிதம் 15 சதவீதத்தை நெருங்கியது. ஆனால் 2022-இன் நடுவிலேயே பழைய எண்ணிக்கை திரும்பிவிட்டது. இரண்டு நெருக்கடிகளும் ஒரே வகை அல்ல. முன்னதில் வங்கிகளும் வீட்டுச் சந்தையும் இடிந்து விழுந்திருந்தன. பின்னதில் கடைகள் பூட்டப்பட்டிருந்தன, திறந்ததும் பலர் பழைய இடத்துக்கே திரும்ப முடிந்தது. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பேசக் கூடாது. ஆனாலும் அரசு நடந்துகொண்ட விதத்தில் இருந்த வேறுபாடு பெரியது.

முதலில் 2009-ஐப் பார்ப்போம். ஒபாமா பதவியேற்ற நான்காவது வாரத்தில், பிப்ரவரி 17 அன்று, டென்வர் நகரில் ஊக்கத் திட்டச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மதிப்பு 787 பில்லியன் டாலர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரிக் குறைப்பு. மீதியில் மாநிலங்களுக்கான உதவி, வேலையில்லாதவர்களுக்கான படி, சாலை, பாலம், மின்கட்டமைப்பு எல்லாம் அடக்கம்.

வரிக் குறைப்பின் முக்கியப் பகுதி, வேலை செய்யும் ஒருவருக்கு வருடத்துக்கு 400 டாலர். அதை ஒரே காசோலையாகக் கொடுக்காமல், சம்பளத்தில் பிடிக்கிற வரியைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள். வாரத்துக்குச் சில டாலர் கூடுதலாக வந்தது. தங்கள் வரி குறைந்ததே பலருக்குத் தெரியவில்லை. கையில் சிறுகச் சிறுக வருகிற பணத்தை மக்கள் செலவழித்துவிடுவார்கள், மொத்தமாக வந்தால் சேமித்துவிடுவார்கள் என்று யோசித்துச் செய்த ஏற்பாடுதான் அது. பொருளியல் நோக்கில் அதற்கு நியாயம் உண்டு. அரசியலில் அதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

சாலை, பால வேலைகள் வேறொரு பாடம். ‘உடனே மண்வெட்டியை எடுக்கலாம்’ என்ற நிலையில் தயாராக இருக்கிற திட்டங்கள் ஏராளம் என்றுதான் சொன்னார்கள். டெண்டர், நில அனுமதி, சுற்றுச்சூழல் அனுமதி எல்லாம் முடியக் காலம் பிடித்தது. அப்படித் தயார் நிலையில் எதுவும் இருப்பதில்லை என்று ஒபாமாவே 2010-இல் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். பாலம் கட்டுவது நல்ல காரியம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த மாதம் வேலை போனவருக்கு அது இந்த மாத மருந்தாகாது.

சரி, உடனே வேலை கொடுக்கிற வழி எதுவும் இருந்ததா? இருந்தது. டென்னசி மாநிலத்தில் பெர்ரி என்றொரு சிறிய மாவட்டம், தலைநகரம் லிண்டன். மொத்த மக்கள்தொகையே எட்டாயிரத்துக்குள். அந்த ஊரே நம்பியிருந்த வாகன உதிரிபாக ஆலை மூடப்பட்டு, உற்பத்தி மெக்சிகோவுக்குப் போனது. 2009 தொடக்கத்தில் அங்கே வேலையின்மை 27 சதவீதத்தைத் தொட்டது. வேலை செய்ய வந்த நான்கு பேரில் ஒருவருக்கு மேல் சும்மா இருந்தார்கள். 1930-களின் பெருமந்தத்தில் நாடு முழுவதும் பார்த்த எண்ணை ஒட்டியது அது.

ஆளுநர் ஃபில் பிரெடசன் என்ன செய்தார் என்றால், ஊக்கத் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களின் உதவிக்கென்று வந்த நிதியை எடுத்து நேரடியாகச் சம்பளமாக்கினார். சிலரை மாநிலச் சாலைத் துறை எடுத்துக்கொண்டது. ஊரில் இருந்த தனியார் நிறுவனங்களும் ஆள் எடுத்தன, சம்பளத்தை அரசு கொடுத்தது. பை என்கிற இனிப்புப் பண்டம் சுட்டு விற்கிற சிறு நிறுவனம்கூட அப்படி ஆள் சேர்த்தது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைத்தது. சில மாதங்களில் விகிதம் 22 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. 22 என்பதும் கொடுமையான எண்தான். ஆனால் மற்ற இடங்களில் ஏறிக்கொண்டிருந்தபோது இந்த ஊரில் இறங்கியது.

இந்த வழி கட்சி பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரெடசன் ஜனநாயகக் கட்சிக்காரர். மிசிசிப்பியில் குடியரசுக் கட்சி ஆளுநர் ஹேலி பார்பர் இதே நிதியை வைத்து, முதலில் முழுச் சம்பளத்தையும் அரசு கொடுத்து, பிறகு அதைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் முதலாளியே ஏற்றுக்கொள்கிற மாதிரி ஒரு திட்டம் நடத்தினார். நாடு முழுவதும் 39 மாநிலங்களில் ஏறத்தாழ 2,60,000 பேர் இப்படி வேலை பெற்றார்கள். ஒதுக்கிய மொத்த நிதியே 5 பில்லியன் டாலர், அதிலும் வேலைக்குப் போனது ஒரு பகுதிதான். 787 பில்லியனில் அது எவ்வளவு சிறிய துண்டு என்று பாருங்கள். 2010 செப்டம்பர் 30 அன்று கெடு முடிந்தது. நீட்டிக்க நடந்த முயற்சிகள் செனட்டில் தோற்றன. மந்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்த அதே மாதம், இந்தச் சம்பளமும் நின்றது. அந்த முடிவை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று நடந்தது, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஆண்டுதோறும் வரவுக்குள் செலவை அடக்கியே தீர வேண்டும், சட்டம் அப்படி. வாஷிங்டன் கடன் வாங்கலாம், மாநிலம் அன்றாடச் செலவுக்கு அப்படி வாங்க முடியாது. மந்தத்தில் விற்பனை வரியும் வருமான வரியும் விழுந்தன. வீட்டு விலை சரிந்ததால் பள்ளிகளை நடத்தும் சொத்து வரியும் பின்னாலேயே விழுந்தது. முதல் இரண்டு வருடம் ஊக்கத் திட்டப் பணம் தாங்கிப் பிடித்தது. அது தீர்ந்ததும் மாநிலங்களும் நகராட்சிகளும் பள்ளி வாரியங்களும் ஆட்குறைப்பில் இறங்கின. ஆசிரியர்கள், தீயணைப்பு வீரர்கள், நூலகர்கள். 2008-க்கும் 2013-க்கும் இடையே மாநில, உள்ளாட்சி வேலைகள் சுமார் 7 லட்சம் குறைந்தன. தொட்டியின் ஒரு பக்கம் வாஷிங்டன் தண்ணீர் ஊற்ற, மறுபக்கம் ஐம்பது மாநிலங்களும் திறந்துவிட்டுக்கொண்டிருந்தன. தனியார் துறை 2010 மார்ச் முதல் மாதாமாதம் ஆள் சேர்த்தபோது, அரசுத் துறை அந்தக் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டே வந்தது.

ஊக்கத் திட்டம் பயன் தந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவு செலவு அலுவலகம் அப்போது போட்ட மதிப்பீட்டின்படி, 2010-இன் மூன்றாம் காலாண்டில் அந்தத் திட்டத்தால் கூடுதலாக வேலையில் இருந்தவர்கள் 14 லட்சம் முதல் 36 லட்சம் பேர். இடைவெளி பெரிதுதான். திட்டம் இல்லாத அமெரிக்கா ஒன்றை யாராலும் நேரில் பார்க்க முடியாதே. கீழ் எண்ணை எடுத்துக்கொண்டாலும் அது 14 லட்சம் குடும்பம். என் கணிப்பில் திட்டம் பலித்தது. போதாத அளவில் வந்தது, சீக்கிரமே விலகிவிட்டது.

சீக்கிரம் விலகுவது புதிய தவறும் அல்ல. 1937-இல் ரூஸ்வெல்ட் அரசு, நிலைமை தேறிவிட்டது என்று நம்பிச் செலவைக் குறைத்தது. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வும் வங்கிகள் கையில் வைத்திருக்க வேண்டிய இருப்பை இரட்டிப்பாக்கியது. அடுத்த ஆண்டே வேலையின்மை மறுபடி எகிறியது.

தாமதம் ஏன் இவ்வளவு ஆபத்து? 2010 வசந்தத்தில் வேலையில்லாத அமெரிக்கர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்கு மேல் வேலையில்லாமல் இருந்தவர்கள். ஒரே தகுதி, ஒரே அனுபவம் உள்ள விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த ஆய்வுகள், நீண்ட நாள் சும்மா இருந்தவருக்கு நேர்காணல் அழைப்பு குறைவாகவே வருகிறது என்று காட்டின. அவர் செய்த தப்பு ஒன்றும் இல்லை. காத்திருந்ததே அவருக்குக் குறையாகிவிட்டது.

ஜெர்மனி இந்த இடத்தில் வேறு வழியில் போனது. 2009-இல் அதன் உற்பத்தி 5 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது, அமெரிக்காவைவிட மோசம். வேலையின்மை ஏறவே இல்லை என்று சொல்லலாம். அங்கே குறுவேலைத் திட்டம் ஒன்று ஏற்கெனவே சட்டத்தில் இருந்தது. ஆர்டர் இல்லாத நிறுவனம் ஆளை அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைக்கும், இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, குழந்தை இருந்தால் 67 சதவீதத்தை, வேலைவாய்ப்பு நிதியிலிருந்து கொடுப்பார்கள். 2009-இல் உச்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். ஆர்டர் திரும்பியபோது கைதேர்ந்த ஆட்கள் அதே ஆலையில் அதே இயந்திரத்தின் முன் இருந்தார்கள்.

2020-இல் அமெரிக்கா பழைய தவறுகளில் சிலவற்றைத் திருத்திக்கொண்டது. மார்ச் மாதம் ஒரு சட்டத்தில் 2 டிரில்லியன் டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள், மறு ஆண்டு மார்ச்சில் இன்னொரு சட்டத்தில் 1.9 டிரில்லியன். அந்த இரண்டாவது சட்டத்தில் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் மட்டும் 350 பில்லியன் ஒதுக்கினார்கள். சென்ற மந்தத்தில் நடந்த ஆசிரியர் ஆட்குறைப்பு மறுபடி நடக்கக் கூடாது என்பது அதன் நோக்கம்.

எல்லாம் சரியாகச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சம்பளம் கொடுக்கச் சிறு நிறுவனங்களுக்குத் தந்த 800 பில்லியன் டாலர் கடனில், பொருளியலாளர் டேவிட் ஆட்டரும் அவருடைய சகாக்களும் கணக்கிட்டபடி, வேலை இழந்திருக்கக்கூடிய தொழிலாளர் கைக்குப் போனது 23 முதல் 34 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி முதலாளிகளிடமும் பங்குதாரர்களிடமும் தங்கியது. ஜெர்மனி மாதிரி ஆள் ஆளாகக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற ஏற்பாடு அமெரிக்காவில் முன்பே இல்லாமல் போனதன் விளைவு அது. 2022 ஜூனில் விலைவாசி ஏற்றம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. போர், சரக்குத் தட்டுப்பாடு எல்லாம் அதற்குக் காரணம், அரசு இறைத்த பணத்துக்கும் பங்கு உண்டு. மளிகைக் கடையில் நின்றவர்களுக்கு அது உண்மையான சுமை. ஆனால் விலை ஏற்றத்தையும் வேலையின்மையையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஏறின விலை வாங்குகிற எல்லோர் மேலும் விழுகிறது, வட்டியை உயர்த்தி அதை அடக்கவும் முடிந்தது. ஆறு வருட வேலையின்மை ஒரு தலைமுறையின் குறிப்பிட்ட சிலர் மேல் மட்டும் விழுந்தது, அவர்களுக்குப் போன வருடங்கள் திரும்பவில்லை.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 2020 மே மாதம் மத்திய அரசு நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 40,000 கோடி ரூபாய் கூடுதலாக ஒதுக்கியது. அந்த நிதியாண்டில் 380 கோடிக்கு மேற்பட்ட மனித நாட்கள் வேலை நடந்தது. புதிதாக எதையும் திட்டமிட வேண்டியிருக்கவில்லை. சட்டம் 2005-லேயே இருந்தது, அட்டை வீட்டில் இருந்தது, ஊராட்சியில் பதிவேடு இருந்தது. நகரத்தில் வேலை போய் ஊருக்குத் திரும்பியவர்கள்கூட அதில் போய் நின்றார்கள். ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் நகரத்திலேயே வாடகை வீட்டில் மாட்டிக்கொண்ட தையல் தொழிலாளிக்கும் ஓட்டல் தொழிலாளிக்கும் நாடு தழுவிய அப்படி ஒரு சட்டம் இருக்கவில்லை. அவர்களுக்கான சட்டத்தை மந்தம் வந்த பிறகு யோசிக்கக் கூடாது. யாரைச் சேர்ப்பது, எந்த அலுவலகம் நடத்துவது, வேலையின்மை எந்த அளவைத் தாண்டினால் பணம் தானாக வெளியே வருவது, எந்த அளவுக்கு இறங்கினால் நிறுத்துவது என்று எண்ணோடு எழுதி, நல்ல காலத்திலேயே நிறைவேற்றி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.