மலபார் தேக்கில் ஒரு ‘டிரிங்கோமலி’

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்லபூல் என்று ஒரு துறைமுக ஊர். அங்கே மூன்று பாய்மரங்களோடு ஒரு பழைய போர்க்கப்பல் இன்றும் தண்ணீரில் மிதக்கிறது. அணியத்தில், அதாவது முன்முனையில், தலைப்பாகை கட்டிய இந்தியர் ஒருவரின் மரச்சிற்பம். கப்பலின் பெயர் ‘டிரிங்கோமலி’. ஆம், நம் திருகோணமலைதான். 1782-ல் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கடற்சண்டையின் நினைவாக வைத்த பெயர்.

இது ‘ஃபிரிகேட்’ வகைக் கப்பல். பெரும் போர்க்கப்பல்களில் இரண்டு, மூன்று தட்டுகளில் பீரங்கிகள் அடுக்கியிருக்கும். ஃபிரிகேட்டில் முக்கியமான பீரங்கித் தட்டு ஒன்றுதான். அதனால் எடை குறைவு, ஓட்டம் அதிகம். வேவு பார்க்கவும், வணிகக் கப்பல்களுக்குத் துணை போகவும், தூரக் கடல்களில் தனியாகச் சுற்றவும் இதைத்தான் அனுப்புவார்கள்.

நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. பம்பாயிலோ மலபார் தேக்கு கிடைத்தது, அதை இழைத்துக் கப்பலாக்கத் தெரிந்த கைகளும் இருந்தன. சூரத்திலிருந்து 1736-ல் பம்பாய் வந்த வாடியா என்ற பார்சிக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டியது. அந்தக் குடும்பத்து ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவிடம்தான் இந்தக் கப்பலைக் கட்டும் வேலை வந்தது. ஆனால் வரைபடங்கள் வந்து சேரவில்லை. அவற்றைக் கொண்டுவந்த ‘ஜாவா’ கப்பலை, 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிட்யூஷன்’ வீழ்த்தியது. பிறகு ஜாவாவைக் கொளுத்தியும் விட்டார்கள். மறுபடி வரைபடம் வந்து, கப்பலின் அடிமரமான ஏராக்கட்டையை வைக்க 1816 ஏப்ரல் ஆகிவிட்டது. அதற்குள் நெப்போலியனே தோற்றுவிட்டான். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறங்கியது. செலவு 23,000 பவுண்டு.

இங்கிலாந்துக்குப் போகும் வழியில், 1819 ஜனவரியில், செயின்ட் ஹெலினா தீவில் நின்றது. சிறையிருந்த நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் ஒருவர் அங்கே ஏறிக்கொண்டார். எந்த மனிதனோடு போரிடக் கேட்ட கப்பலோ, அவன் தீவிலிருந்து அவனுடைய மருத்துவரை ஏற்றிக்கொண்டு போனது!

ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகம். அவ்வளவுதான், அப்படியே ஓரம் கட்டிவிட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சும்மா கிடந்தது. ஓக் கப்பலாக இருந்தால் அந்தக் காலத்திலேயே உளுத்துப்போயிருக்கும். ஓக்கில் உள்ள அமிலம் இரும்பு ஆணியைத் தின்னும். தேக்கின் எண்ணெய்ப் பசை மரத்தையும் காக்கும், ஆணியையும் காக்கும். இந்தக் கப்பலின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1847-ல்தான் முதல் பணி. பீரங்கிகளை 26 ஆகக் குறைத்து, கேப்டன் வாரன் தலைமையில் வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் அனுப்பினார்கள். அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் ரோந்தும் அதில் சேர்ந்தது. அப்புறம் 1852 முதல் 1857 வரை, கேப்டன் ஹூஸ்டனோடு பசிபிக் கடல். ரஷ்யாவோடு இங்கிலாந்து மோதிய கிரிமியப் போர்க் காலம் அது. ஆனாலும் பெரிய கடற்சண்டை எதையும் இந்தக் கப்பல் காணவில்லை. அதனால் இதன் மதிப்பு குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. வடக்கே பனிக்கடலில் தங்கியிருந்த ‘பிளோவர்’ கப்பலுக்கு உணவும் பொருளும் கொண்டுபோய்க் கொடுத்தது சின்ன வேலையா? கனடாவின் மேற்குக் கரையில் தீவுகளுக்கு நடுவே ஓடும் ஒரு கால்வாய்க்கு இன்றும் ‘டிரிங்கோமலி’ என்றுதான் பெயர், இந்தக் கப்பலால் வந்தது.

பிறகு பையன்களுக்குக் கடல் தொழில் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிக் கப்பல். 1897-ல் உடைக்க விற்றுவிட்டார்கள். ஜார்ஜ் வீட்லி காப் என்பவர் வாங்கிக் காப்பாற்றினார். புயலில் சிதைந்த தன் பழைய கப்பலின் நினைவாக ‘ஃபூட்ரோயான்’ என்று பெயரை மாற்றிவிட்டார். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அந்தப் பெயரில்தான் இருந்தது. 1987-ல் ஹார்ட்லபூலுக்கு வந்து, 1992-ல் சொந்தப் பெயரைத் திரும்பப் பெற்றது. சீரமைப்பு முடிய 2001 ஆயிற்று. இத்தனைக்குப் பிறகும் அதில் பாதிக்கு மேல் பம்பாயில் இழைத்த அதே மரம்.

இன்று மிதந்துகொண்டிருக்கும் போர்க்கப்பல்களில் இதைவிட மூத்தது ஒன்றே ஒன்றுதான். 1797-ல் கட்டியது, அமெரிக்காவின் பாஸ்டனில் நிற்கிறது. அதன் பெயர் ‘கான்ஸ்டிட்யூஷன்’.