எங்கள் பி.டி. சார்

நேயர்களுக்கு வணக்கம்.

2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார் நம் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. பிறகு டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கிய அந்தப் பிள்ளையை உயரம் தாண்டும் பக்கம் திருப்பிவிட்டவர் அவர் படித்த பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் பி.டி. சார் ஞாபகம்தான் வந்தது. அவரிடம் பழகிய நாங்கள் யாரும் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனாலும் வானொலியில் பேச அழைப்பு வந்ததும் அவரைப் பற்றித்தான் பேசுவது என்று முடிவு செய்தேன்.

நான் படித்தது சேலம் அம்மாபேட்டைப் பக்கம், தொண்ணூறுகளில். தெருவெல்லாம் தறிச் சத்தம். விடிந்ததும் தார் சுற்றுவது, அதாவது தறிக்கான நூலைச் சின்னக் குச்சியில் சுற்றுவது, பெண் பிள்ளைகள் வேலை. சார் சாயங்காலம் சைக்கிளில் வீடு வீடாக வருவார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம், "காலையில ஒரு மணி நேரம் மட்டும் புள்ளைய அனுப்புங்கம்மா. தார் சுத்துற நேரத்துக்கு நானே கொண்டாந்து விட்டுர்றேன்" என்றார். சொன்னபடியே செய்தார். அப்பா முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. சார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார்.

எங்களுக்கு அவர் கற்றுக்கொடுத்தது, நாலு பேர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடிக் கோலைக் கைமாற்றும் தொடரோட்டம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சாரின் மனசு முழுக்க அதில்தான் இருந்தது. முதல் ஆள் கோலை வலது கையில் பிடித்து ஓட வேண்டும்; அப்போதுதான் வளைவில் உள்கோட்டை ஒட்டி ஓட முடியும். இரண்டாவது ஆள் இடது கையில் வாங்குவாள். மூன்றாவது ஆளுக்கு மறுபடி வளைவு, அதனால் வலது கை. கடைசி ஆளுக்கு இடது. நடுவில் யாரும் கை மாற்றக் கூடாது. வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கவும் கூடாது. "திரும்பினா வேகம் செத்துரும் கண்ணு" என்பார். பின்னால் வருகிறவள் "கை!" என்று கத்தியதும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது ஓட ஆரம்பிப்பது? அதற்குத்தான் சுண்ணாம்பு அடையாளம். வாங்குகிறவள் நிற்கிற இடத்திலிருந்து பின்னோக்கி, அவள் பாதத்தாலேயே அடிமேல் அடி வைத்து அளக்கச் சொல்வார். அளந்து முடித்த இடத்தில் குனிந்து ஒரு பிடி சுண்ணாம்புப் பொடியைத் தன் கையாலேயே இழுப்பார். வருகிறவள் அந்தக் கோட்டை மிதித்த நொடியில் இவள் பாய வேண்டும். கோல் கைக்கு எட்டவில்லை என்றால் இவள் முந்திக் கிளம்பிவிட்டாள், கோட்டை ஓர் அடி கிட்டக் கொண்டுவருவார். வந்தவள் இவள்மேல் மோதினால் ஓர் அடி தள்ளிப் போடுவார்.

கோல் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறது. யாரால் விழுந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு பேரையும் கூப்பிட்டு, "வாங்க, அடி அளப்போம்" என்பார். வீட்டிலும் வகுப்பிலும் எது நடந்தாலும் முதலில் "யார் செஞ்சது?" என்றுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்காத ஒரு பெரியவரை நான் அங்கேதான் பார்த்தேன். இன்றைக்கும் அவர்மேல் எனக்கு இருக்கிற மரியாதைக்கு முதல் காரணம் அது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் டவுன் பஸ்ஸில் ஏற்காடு அடிவாரம். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு உண்டு, நாங்கள் போவது கீழே இருக்கும் ஓரிரண்டு வளைவு வரைதான். ஏறும்போது ஓட்டம், இறங்கும்போது கட்டாயம் நடை. இறக்கத்தில் ஓடினால் ஒவ்வோர் அடிக்கும் உடம்பின் பாரம் முட்டியில் போய் இடிக்கும், வளர்கிற பிள்ளைகளுக்கு ஆகாது என்பார். இறங்கி வந்ததும் அவர் வீட்டிலிருந்து தூக்குப்போசியில் அவித்த கடலை வரும். போட்டி முடிந்த நாளில் தட்டுவடை செட். ஜெயித்தாலும் தோற்றாலும் உண்டு. கேரட்டும் பீட்ரூட்டும் துருவி, இரண்டு சட்னி தடவி, தட்டுவடைக்கு நடுவில் வைத்து அமுக்கிக் கொடுப்பார்களே, அது. காந்தி ஸ்டேடியத்திலிருந்து திரும்பும்போது ஓடின நாலு பேருக்கு மட்டுமல்ல, கூட வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் வாங்கித் தருவார்.

பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கேட்டு வாங்கிவிடுவார்கள். எத்தனையோ பள்ளிகளில் இன்றும் இதுதான் நடக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் மட்டுமே ஓடக் கிடைக்கிற பெண் பிள்ளைகள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

இன்று நானும் உடற்கல்வி ஆசிரியைதான். விதி கொஞ்சம் மாறியிருக்கிறது. அப்போது கோல் மாற்றும் பகுதி 20 மீட்டர், இப்போது 30. அளக்கும் முறை மட்டும் சார் சொல்லிக்கொடுத்ததேதான்.

சார், இந்த நேரம் வானொலிப் பெட்டி பக்கத்தில் இருப்பீர்கள் என்று தெரியும். எங்கள் பள்ளிப் பெண்கள் மாவட்டப் போட்டிக்குத் தயாராகிறார்கள். இரண்டாவது ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் நடுவில் கோல் இன்னும் சரியாக வந்து சேரவில்லை. சனிக்கிழமை காலையில் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் போதும், அடியை நாங்கள் அளக்கிறோம். முட்டி வலி என்று சொல்லித் தட்டிக் கழிக்காதீர்கள் சார்.

வணக்கம்.