குப்பைமேட்டுக்குள் ஓர் அடுப்பு

வணக்கம் நேயர்களே. சென்னை துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் போய் வந்தவர்களுக்குப் பெருங்குடிக் குப்பைக்கிடங்கை நான் விளக்க வேண்டியதில்லை, மூக்கே சொல்லியிருக்கும். 2022 ஏப்ரலில் அங்கே பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் பத்து நாளுக்கு மேல் புகை. இப்படிப்பட்ட தீ மேலே அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். பிளாஸ்டிக்கோடு மீத்தேனும் அங்கே இருக்கிறதே!

சாண எரிவாயுக் கலன் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. காற்றுப் புகாத இடத்தில் மிச்சச் சோறும் காய்கறித் தோலும் அழுகினால் வாயு கிளம்பும். அதில் ஏறக்குறைய பாதி மீத்தேன். வானில் பன்னிரண்டு ஆண்டு போலத்தான் தங்கும்; ஆனால் 20 ஆண்டுக் கணக்கில், அதே எடை கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

இதைக் குழாய் போட்டு எடுக்கலாம். நியூயார்க்கின் ஃப்ரெஷ் கில்ஸ் கிடங்கு 1948-இல் தொடங்கி 2001 வரை குப்பை வாங்கியது, 2,200 ஏக்கர். அதன் மேடுகளை மூடி, ஆழ்துளைக் கிணறு மாதிரி துளையிட்டு, ஓட்டைக் குழாய்களை இறக்கினார்கள். உறிஞ்சிய வாயுவைச் சுத்தம் செய்து பக்கத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள்.

உறிஞ்சுவதில்தான் சூட்சுமம். மெதுவாக இழுத்தால் வாயு மேலே கசியும். பலமாக இழுத்தால் வெளிக்காற்று உள்ளே போகும்; அப்புறம் நாமே மூட்டிய அடுப்புதான். ஒவ்வொரு கிணற்றுக்கும் வால்வைத் திருகித் திருகிப் பதம் பார்க்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: நாம் தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூவில் உள்ள சிலிக்கான் சேர்மங்களும் வாயுவோடு வந்து, அதில் மின்சாரம் எடுக்கும் எஞ்சினுக்குள் எரிந்து மணலாகப் படியும்.

"பெருங்குடியிலும் குழாய் போட்டால் கரன்ட் வருமே" என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அடியில் கசிவைத் தடுக்கும் விரிப்பும் இல்லாமல் மேலே மூடியும் இல்லாமல் வளர்ந்த மேடு அது. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலையும் அங்கே நடந்திருக்கிறது. அதைவிட, சோறு அழுக ஆண்டுக்கணக்கா ஆகும்? மேட்டை மூடிக் குழாய் இறக்குவதற்குள் அதன் வாயுவில் பெரும்பகுதி போய்விடும். நல்ல கிடங்குகளிலும் இதே பாடுதான்.

குப்பை மேட்டுக்குப் போகுமுன், காற்றுப் புகாத தொட்டியில் செரிக்கவிட்டு வாயுவைப் பிடிப்பதே சரி என்பேன். இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை, நாளைக்கு 550 டன் ஈரக் குப்பையைச் செரிக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. அந்த வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. அங்கே வீட்டிலேயே குப்பை தரம் பிரிந்து வருவதால்தான் இது நடக்கிறது. பிளாஸ்டிக் பைகள் கலந்து வந்தால் தொட்டிக்குள் சுழலும் துடுப்பில் சுற்றிக்கொள்ளும். பிறகு கலனைத் திறந்துதான் எடுக்க வேண்டும். உங்கள் தெருவில் தூய்மைப் பணியாளர் பச்சை வாளியைக் கவிழ்க்குமுன் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்க்கிறாரே, அதற்காகத்தான்.

நன்றி, வணக்கம்.