ரோலர் டிரம்மில் மண் ஏறினால் லேயர் ஏன் இறுகாது?

[காட்சி: மேற்குச் சிங்கப்பூரில் ஒரு கட்டுமானத் தளம். கால் வைத்த டிரம் ரோலர் முன்னும் பின்னும் போய் வருகிறது. கேமரா மெல்ல டிரம் பக்கம் நெருங்குகிறது.]

கொட்டிய மண்ணை லேயர் லேயராக, அதாவது அடுக்கடுக்காக, இறுக்கும் ரோலர் இது. இந்த டிரம்மைப் பாருங்கள். சுற்றிலும் வரிசை வரிசையாக இரும்புக் கால்கள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் உயரம். ஆனால் கண்ணுக்குத் தெரிவது கால்களின் நுனி மட்டும்தான். நடுவில் இருக்கும் பள்ளமெல்லாம் களிமண்ணால் அடைந்துவிட்டது. ரோலர் ஓடுகிறது, வைப்ரேஷன் சத்தமும் கேட்கிறது, தளத்தில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

டிரம்மில் மண் ஒட்டுவதைச் சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயமாகவே பலர் நினைக்கிறார்கள். சாயங்காலம் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் மண் அடைந்த டிரம்மும் சுத்தமான டிரம்மும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கொஞ்சம் கணக்குப் போட்டால் புரிந்துவிடும்.

[காட்சி: கரும்பலகையில் டிரம்மின் குறுக்குவெட்டுப் படம்.]

டிரம்மின் விட்டம் ஒன்றரை மீட்டர், அகலம் 2.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுப்பரப்பு ஏறக்குறைய 10 சதுர மீட்டர். கால்கள் பிடித்த இடம் போக, பள்ளம் மட்டும் 8 சதுர மீட்டர். அதில் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு மண் அடைந்தால் 0.8 கன மீட்டர். ஈரக் களிமண்ணாக இருந்தால் ஒரு டன்னைத் தாராளமாகத் தாண்டும். அதாவது ரோலர் ஒரு டன் மண்ணை நாள் முழுக்கச் சுமந்துகொண்டு சுற்றுகிறது.

"எடை கூடினால் நல்லதுதானே, இன்னும் அழுத்துமே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் மண்ணை இறுக்குவது வெறும் எடை இல்லை. அந்த எடை எவ்வளவு இடத்தில் பரவுகிறது என்பதுதான் முக்கியம். சுத்தமான டிரம்மில் 6 டன் எடை சுமார் எட்டுக் கால்களின் மேல் இறங்குகிறது என்று வையுங்கள். ஒரு காலின் முகம் 130 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்தாறு கிலோ அழுத்தம் கிடைக்கும். பள்ளம் அடைந்துவிட்டால் டிரம் முழு அகலத்துக்கும் ஒரு பட்டையாகத் தரையில் உட்காரும். பட்டையின் அகலம் 20 சென்டிமீட்டர் என்று எடுத்தாலும் 4,200 சதுர சென்டிமீட்டர் வந்துவிடுகிறது. கூடுதல் ஒரு டன்னைச் சேர்த்துக்கொண்டாலும் அழுத்தம் இரண்டு கிலோவைத் தொடாது.

வைப்ரேஷன் கதையும் இதேதான். டிரம்முக்குள் மையம் விலகிச் சுழலும் எடைதான் டிரம்மை அதிர வைக்கிறது. அதிர வேண்டிய பொருளின் எடை கூடக்கூட வீச்சு குறையும். அதிரும் பகுதி 4 டன் என்றால், அதன்மேல் ஒரு டன் களி ஏறும்போது வீச்சில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். எஞ்சினுக்கு டீசல் மட்டும் குறையாமல் போய்க்கொண்டிருக்கும்.

கால் வைத்த டிரம்மின் பலமே மண்ணுக்குள் இறங்கி அடியிலிருந்து இறுக்கிக்கொண்டு வருவதுதான். முதல் ஓட்டத்தில் கால் முழுசாகப் புதையும். அடி இறுக இறுக ஒவ்வொரு ஓட்டத்திலும் டிரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி நடக்கும். லேயர் தயாராகிறது என்பதற்கு ஆபரேட்டர்கள் பார்க்கும் அடையாளம் இது. பள்ளம் அடைந்த டிரம்மோ முதல் ஓட்டத்திலேயே மேலே நடக்கும்! பார்ப்பவருக்கு லேயர் முடிந்த மாதிரியே இருக்கும், மேற்பரப்பும் வழவழப்பாக அழகாக இருக்கும். அடியில் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் தளர்ந்தே கிடக்கும். சோதனைக்காரர் வந்து குழி தோண்டி, மணல் ஊற்றி அடர்த்தி பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். சோதனைக்கூடத்தில் அதே மண்ணுக்குக் கிடைத்த உச்ச அடர்த்தியில் 95 விழுக்காடு வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் கேட்கும், அது அங்கே கிடைக்காது.

[காட்சி: தளத்தில் இரண்டு ஊழியர்கள். ஒருவர் ஆபரேட்டர், இளையவர். இன்னொருவர் மூத்த மேற்பார்வையாளர்.]

"அண்ணே, டெஸ்ட் ஃபெயில்னு சொல்றாங்க. இன்னும் நாலு ஓட்டம் விட்டுடவா?"

"வேண்டாம் தம்பி. முதல்ல இறங்கி வந்து டிரம்மைப் பாரு. மண்ணு எங்க ஒட்டியிருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் பேசு."

எங்கே ஒட்டியிருக்கிறது என்று அவர் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. மண் ஒட்டியிருக்கும் விதமே கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும்.

டிரம்மைச் சுற்றி ஒரே ஒரு வளையமாக மண் ஏறியிருந்தால், அந்த வரிசையில் ஸ்கிரேப்பர் பல் வேலை செய்யவில்லை. கால் வைத்த டிரம்மில் ஸ்கிரேப்பர் சீப்பு மாதிரிப் பற்களோடு இருக்கும். இரண்டு கால் வரிசைகளுக்கு நடுவே ஒவ்வொரு பல்லும் நுழைந்து மண்ணை வழித்துத் தள்ளும். ஒரு கல் மாட்டினாலே போதும், பல் வளைந்துவிடும் அல்லது போல்ட் தளர்ந்து கழன்றுவிடும். அந்த ஒரு வரிசை மட்டும் சுத்தமாகாமல் நாள் முழுக்க மண்ணைச் சேர்த்துக்கொண்டே போகும்.

ஒரு பக்கம் மட்டும் கனமாக மண் இருந்தால் ஸ்கிரேப்பர் சட்டம் சாய்ந்திருக்கலாம். அல்லது அந்த ஓரத்து நிலம் மட்டும் ஈரமாக இருக்கலாம், பக்கத்தில் வடிகால் கசிகிறதா என்றும் பாருங்கள். முன் ஸ்கிரேப்பர் சுத்தமாக இருந்து பின் ஸ்கிரேப்பரில் மண் குவிந்து கிடந்தால், பின்னால் இருப்பதைக் கவனியுங்கள். ரோலர் இரண்டு திசையிலும் ஓடுகிறது, அதனால் இரண்டு பக்கமும் ஸ்கிரேப்பர் சரியாக இருக்க வேண்டும்.

டிரம் முழுக்க, ஒரே சீராக, பல்லெல்லாம் நன்றாக இருந்தும் மண் ஏறுகிறதா? அப்படியென்றால் மெஷின் மேல் தப்பில்லை. மண் ஈரமாக இருக்கிறது.

[காட்சி: ஸ்கிரேப்பர் நெருக்கமாக. ஒரு கை இடைவெளியை அளக்கிறது. எஞ்சின் நின்றிருக்கிறது.]

ஈரத்துக்குப் போவதற்கு முன்னால் ஸ்கிரேப்பர் இடைவெளி பற்றி ஒரு வார்த்தை. "டிரம்மை உரசுற மாதிரி வெச்சா நல்லா வழிக்குமே" என்று சிலர் நெருக்கி வைத்துவிடுகிறார்கள். இரும்பு ஸ்கிரேப்பருக்கு இது ஆகாது. டிரம் ரப்பர் பஃபர்களின் மேல் தனியாக அதிர்கிறது. ஸ்கிரேப்பரோ சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது, அது அதிராது. இடைவெளி இல்லாமல் வைத்தால் வைப்ரேஷன் போட்டதும் இரண்டும் மோதிக்கொள்ளும், பல் தேயும், டிரம்மிலும் கோடு விழும். பாலியூரித்தேன் பட்டை போட்ட ஸ்கிரேப்பர் என்றால் உரசலாம், அது அதற்காகவே செய்தது. எவ்வளவு இடைவெளி என்பதை அந்த மாடலின் கையேட்டில் பாருங்கள். ஒரே இடத்தில் அளந்துவிட்டு விட்டுவிடாதீர்கள். டிரம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, ஒவ்வொரு முறையும் எஞ்சினை நிறுத்திவிட்டு, மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும்.

இன்னொன்று. வழவழப்பான டிரம்மின் மேல் கால் வைத்த உறையை போல்ட் போட்டு மாட்டும் வழக்கம் உண்டு. உறையை மாட்டிவிட்டுப் பழைய நேர் ஸ்கிரேப்பரையே விட்டால் பள்ளங்களை எதுவும் தொடாது. உறைக்கு ஏற்ற பல் ஸ்கிரேப்பரையும் சேர்த்து மாட்ட வேண்டும்.

சரி, ஈரத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் இதுதான் பெரிய தலைவலி.

[காட்சி: சிங்கப்பூர் வரைபடம். மேற்கு, நடு, கிழக்கு தனித்தனி நிறத்தில்.]

நம்முடைய தீவு சின்னதுதான், ஆனால் மண் ஒரே மாதிரி இல்லை. புக்கிட் தீமா, மண்டாய், உட்லண்ட்ஸ் பக்கம் கருங்கல் பாறை சிதைந்து உருவான செம்பழுப்புக் களி. ஜூரோங் பக்கம் படிவுப் பாறைகள் சிதைந்த மண், அதிலும் களி அதிகம். கிழக்கே பிடோக், தெம்பனிஸ், சாங்கி வட்டாரத்தில் பழைய வண்டல், மணல் கொஞ்சம் கூடுதலாகக் கலந்திருக்கும், அதனால் ஒட்டுவது குறைவு. காலாங் பகுதியில் தோண்டினால் சாம்பல் நிறக் கடல் களி வரும். அதை ரோலர் கொண்டு இறுக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

மேலே வானம் வேறு. இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, 171 நாள் மழை நாள். மண் தானாகக் காயும் என்று காத்திருந்தால் வேலை நடக்காது.

களிமண் எப்போது இரும்பில் ஒட்டுகிறது? காய்ந்த களி ஒட்டாது, உதிரும். குழம்பாக நீர்த்துப்போன களியும் கனமாகப் பிடிக்காது, வழிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, பிசைந்தால் உருவம் பிடிக்கும் ஈரத்தில்தான் ஒட்டுகிறது. மண்ணுக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் இரண்டையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கிறது. இந்த எல்லைகளைச் சோதனைக்கூடத்தில் அளக்க முடியும். ஸ்வீடனைச் சேர்ந்த அட்டர்பெர்க் 1911-லேயே அதற்கு வழி சொல்லிவிட்டார். மண்ணை உருட்டி 3 மில்லிமீட்டர் திரியாக்கும்போது அது உடையத் தொடங்கினால், அதுதான் பிசையும் நிலையின் கீழ் எல்லை. 1933-இல் அமெரிக்கப் பொறியாளர் புராக்டர் இன்னொன்றைக் காட்டினார்: ஒவ்வொரு மண்ணும் ஒரு குறிப்பிட்ட ஈரத்தில்தான் மிக நன்றாக இறுகும். பல களிமண்களில் அந்த ஈரம், திரி உடையும் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் டிரம்மில் மண் அள்ளிக்கொண்டு வருகிறது என்றால், இறுகுவதற்கு ஏற்ற ஈரத்தையும் அந்த மண் தாண்டிவிட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கிரேப்பரை எவ்வளவு சரி செய்தாலும் அந்த லேயர் இறுகாது.

[காட்சி: ஒரு கை மண்ணைப் பிடித்து அழுத்துகிறது. விரித்ததும் உருண்டை நிற்கிறது. விரலால் தொட்டதும் இரண்டாகப் பிளக்கிறது.]

தளத்தில் பார்க்கும் வழி சுலபம். பிட்டு மாவு பதம் தெரியுமா? பிடித்தால் பிடிக்க வேண்டும், தொட்டால் உடைய வேண்டும். மண்ணுக்கும் அதே பதம்தான். கையை விரித்ததும் உள்ளங்கையில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால், டிரம்மிலும் அப்படியே ஒட்டும். சோதனைக்கூட முடிவுக்கு இது மாற்று ஆகாது, ஆனால் காலையில் ரோலரைக் கிளப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய இதுவே போதும்.

ஈரம் அதிகம் என்றால் மண்ணைக் கிளறிப் பரப்பிக் காற்றாட விடுங்கள். அதற்கு நேரம் இல்லை, ஒப்பந்தம் அனுமதிக்கிறது என்றால் சுட்ட சுண்ணாம்பு கலக்கலாம். அது ஈரத்தையும் இழுக்கும், களியின் பிசுபிசுப்பையும் குறைக்கும். ஆனால் தூள் கண்ணிலும் தோலிலும் பட்டால் சுட்டுவிடும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது.

இதையெல்லாம் விட லாபமான வேலை முந்தின நாள் சாயங்காலமே இருக்கிறது. கால் வைத்த டிரம் போன நிலத்தில் ஆயிரம் குழிகள் இருக்கும். ராத்திரி மழை பெய்தால் ஒவ்வொரு குழியும் தண்ணீரைத் தேக்கி லேயருக்குள் இறக்கும். வானம் கறுத்தால், மின்னல் எச்சரிக்கை வந்து வேலையை நிறுத்துவதற்கு முன்னால், வழவழப்பான டிரம் ரோலரை ஒரு ஓட்டம் விட்டு மேற்பரப்பை மூடிவிடுங்கள். தண்ணீர் ஓட லேசான சரிவும் வேண்டும். மறுநாள் காலையில் அந்த மூடிய முகத்தைக் கொஞ்சம் கீறிவிட்டு அடுத்த லேயரைப் போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு லேயரும் ஒன்றோடு ஒன்று பிடிக்காது. இதைப் பழக்கமாக்கிக்கொண்ட தளங்களில் டிரம் சுரண்டும் வேலையே பாதியாகக் குறைந்துவிடும் என்பது என் கருத்து.

[காட்சி: தண்ணீர்த் தொட்டி உள்ள தார் ரோலர். மேலே சிவப்புக் குறுக்குக்கோடு.]

"தார் ரோலரில் டிரம்முக்குத் தண்ணீர் தெளிக்கிறார்களே, இதிலும் தெளித்தால் என்ன?" தாருக்கு அது சரி. களிக்குத் தண்ணீர் தெளித்தால் ஒட்டும் ஈரத்தை நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். டீசல் தடவும் பழக்கம் இன்னும் மோசம். மண் மாசு, வடிகால் மாசு, ரப்பர் பஃபரும் கெடும், மேலே ஏறுகிறவர் வழுக்கியும் விழுவார்.

[காட்சி: ரோலர் நிறுத்தப்பட்டிருக்கிறது. டிரம் முன்னும் பின்னும் கட்டை. சாவி ஒரு ஊழியர் கையில்.]

இப்போது சுத்தம் செய்வது. ஒருவர் மெல்ல ஓட்ட, இன்னொருவர் கடப்பாரையால் குத்திக்கொண்டே நடக்கும் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்பவரையும் விடாதீர்கள். பல்லுக்கும் டிரம்முக்கும் நடுவே கடப்பாரை மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சமதரையில் நிறுத்தி, பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். நடுவில் மடங்கும் இணைப்பின் பூட்டுக் கம்பியையும் போட வேண்டும். அந்த இடைவெளியில் ஆள் நசுங்க வாய்ப்பு உண்டு. சாவி, சுத்தம் செய்கிறவர் பையில் இருக்கட்டும், ஆபரேட்டரிடம் வேண்டாம். வேலைக்கு முன்னால் தளத்தில் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் இதைத் தமிழிலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள், கேட்கிற பாதிப்பேருக்கு அப்போதுதான் உறைக்கும்.

சுரண்டுவதற்கு நல்ல நேரம் மண் ஈரமாக இருக்கும்போது, அதாவது வேலை முடிந்த உடனே. வெயிலில் காய்ந்து இறுகிவிட்டால் கடப்பாரைக்கும் அசையாது. மிச்சம் இருக்கும் சொரசொரப்பான களியில்தான் மறுநாள் புது மண் முதலில் ஒட்டும். துருப் பிடித்த டிரம்மும் அப்படியே. பல நாள் சும்மா நின்ற ரோலரை முதலில் மணல் கலந்த நிலத்தில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள், இரும்பு பளபளப்பாகிவிடும்.

தண்ணீர் பீய்ச்சுவது என்றால் கழுவும் இடத்தில் வைத்துத்தான். பேரிங் சீல், மின் இணைப்பு ஆகியவற்றின் மேல் நேராக அடிக்காதீர்கள். கழுவிய சேற்றுத் தண்ணீரைப் பொது வடிகாலில் விட முடியாது. தளத்திலிருந்து வெளியேறும் நீரில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் மண்துகள் இருக்கக் கூடாது என்பது தேசியத் தண்ணீர் அமைப்பான பியூபியின் விதி. டிரம்மில் இருந்த ஒரு டன் களியைக் கழுவினால் எவ்வளவு தண்ணீர் கலங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் முதலில் கையால் சுரண்டி எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் தண்ணீர் பிடிப்பது நல்லது.

[காட்சி: லோ-பெட் லாரியில் ரோலர் ஏறுகிறது. ஒருவர் கைபேசியில் ஸ்கிரேப்பரைப் படம் எடுக்கிறார்.]

இங்கே பெரும்பாலும் ரோலர் வாடகைக்குத்தான் வருகிறது. லாரியிலிருந்து இறக்கிய உடனே முன் ஸ்கிரேப்பர், பின் ஸ்கிரேப்பர் இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். பல்லை எண்ணுங்கள். வளைந்த பல் இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள், உதிரிப் பல் இரண்டு மூன்று சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பும்போதும் அதே இடங்களைப் படம் எடுங்கள், டிரம் கழுவிய பிறகு.