சாக்கடைக் கொசு டெங்குவைப் பரப்பாது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

அல்சூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள்: "வீட்டை ஒட்டிச் சாக்கடை, பொழுது சாய்ந்தால் கொசு மொய்க்கிறது. டெங்குவுக்கு அந்தக் கொசு காரணமில்லை என்கிறீர்களே, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?"

நியாயமான கேள்விம்மா. டெங்கு வந்தவர் வீட்டில் கொசுவைப் பிடித்து, அதற்குள் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா என்று தோன்றும். போதாது. நோயாளியைக் கடித்த எந்தக் கொசுவின் வயிற்றிலும் வைரஸ் இருக்கத்தான் செய்யும், குடித்த ரத்தத்திலேயே இருந்ததுதானே! கியூலெக்ஸ் என்கிற உங்கள் சாக்கடைக் கொசு அதைச் செரித்துவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் என்கிற கொசுவில்தான் வைரஸ் குடலைத் தாண்டி, உடம்பில் பெருகி, எச்சில் சுரப்பி வரை போகிறது. அதற்கு 8 முதல் 12 நாள் ஆகும்.

அதனால் ஆய்வகத்தில் எச்சிலைத்தான் சோதிப்பார்கள். வைரஸ் கலந்த ரத்தத்தைக் கொசுவுக்குக் குடிக்கக் கொடுத்து, இரண்டு வாரம் வளர்த்து, காலையும் இறக்கையையும் எடுத்துவிட்டு, அதன் ஊசிமூக்கை மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் நுழைப்பார்கள். பாவம்தான், ஆனால் அது எச்சில் விடும். அந்த எச்சிலில் உயிருள்ள வைரஸ் இருந்தால்தான் அது பரப்பும் கொசு. அப்புறம், அதே கொசு நோய் பரவும் ஊரில் இருக்கிறதா, மனிதரைக் கடிக்கிறதா, வெளியில் பிடித்தாலும் வைரஸோடு கிடைக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

2023-இல் நம் பக்கத்துச் சிக்கபள்ளாப்பூரில் பிடித்த கொசுக்களில் ஜிகா வைரஸ் இருந்ததாகச் செய்தி வந்ததே, அதையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். வைரஸ் அந்தப் பக்கம் நடமாடுகிறது என்று அதிலிருந்து தெரியும். எந்தக் கொசு பரப்புகிறது என்பது வேறு கேள்வி.

எந்தக் கொசு பரப்பும் என்கிற இந்தத் தீர்ப்பு மாறவும் செய்யும். 2005-06-இல் ரீயூனியன் தீவில், நம் முன்னோர் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன அதே தீவுதான், சிக்குன்குனியா வைரஸில் ஒரே ஒரு மாற்றம் நடந்தது. அதுவரை பெரிதாகப் பேசப்படாத ஏடிஸ் அல்போபிக்டஸ் என்கிற இன்னொரு வகை ஏடிஸ் கொசு, அங்கே அந்த நோயைப் பரப்பும் முக்கியக் கொசுவாகிவிட்டது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். கியூலெக்ஸ் யானைக்கால் நோயைப் பரப்பும், அதனால் அதையும் விட்டுவைக்க வேண்டாம். ஆனால் டெங்குக் கொசு வளர்வது தேங்கிய நல்ல தண்ணீரில், அதனால் காவேரித் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மையும் சம்பையும் திறந்து பாருங்கள். பகலில் கடிக்கிற கொசு ஒன்று பேட்டில் விழுந்தால் தூக்கிப் போடாமல், போன் வெளிச்சத்தில் முதுகைப் பாருங்கள். யாழ் வடிவில் வெள்ளைக் கோடு இருந்தால் டெங்குவை முக்கியமாகப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி, நடுவில் ஒற்றைக் கோடு என்றால் அல்போபிக்டஸ். சந்தேகமாக இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.