கூடாரத்திலேயே தோற்ற படை

அவையோர்க்கு வணக்கம். கி.மு. 48, ஆகஸ்ட் 9. கிரேக்கத்தின் தெசலி பகுதியில், பார்சாலஸ் சமவெளி. இருபுறமும் ரோமானியர்களே. ஒரு பக்கம் ஜூலியஸ் சீசர். எதிரே பாம்பே, ஒரு காலத்தில் சீசரின் மகள் ஜூலியாவைக் கட்டிய மருமகன்.

சீசரிடம் காலாட்படை 22,000, குதிரை 1,000. பாம்பேயிடம் 45,000, குதிரை 7,000. இது சீசரே எழுதிவைத்த கணக்கு. எதிரியின் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கலாம். ஆனாலும் பாம்பேயின் கை ஓங்கியிருந்தது உண்மை.

பிறகு எப்படித் தோற்றார்? களத்துக்கு வருமுன்பே கூடாரத்தில் தோற்றுவிட்டார் என்பேன். கடல் அவர் வசம். சீசரின் படைக்கோ சோற்றுக்கே திண்டாட்டம். காத்திருந்தாலே போதும், பாம்பேக்கும் அது தெரியும். கூட இருந்த செனட்டர்கள் விடவில்லை. பதவிச் சுகத்துக்காகப் போரை இழுத்தடிக்கிறார் என்று குத்திக்காட்டினார்கள். சீசரிடம் இருந்த தலைமைப் பூசாரிப் பதவி அடுத்து யாருக்கு என்று டொமிஷியஸ், ஸ்பிந்தர், சிப்பியோ மூவரும் மல்லுக்கு நின்றார்கள். சீசர் இன்னும் உயிரோடு இருக்கிறார், ஐயா!

பாம்பேயின் வலப்பக்கம் ஒரு நதி காவல். அதனால் குதிரைப்படை முழுவதையும் இடப்பக்கம் குவித்தார். அதற்குத் தலைவன் லேபியேனஸ். 'கால்' என்ற நாட்டில், அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியில், நடந்த போர்களில் சீசரின் வலக்கையாக இருந்தவன். வென்றால்தான் பாசறைக்குத் திரும்புவேன் என்று சத்தியம் வேறு செய்திருந்தான். சீசர் அந்தக் குதிரைத் தாக்குதலை முன்பே கணித்து, மூன்றாம் வரிசையிலிருந்து ஆறு பிரிவுகளை உருவி, தன் குதிரைகளுக்குப் பின்னால் தனியாக நிறுத்திவைத்தார்.

இனி அந்த ஓட்டத்தைப் பாருங்கள். 'அசையாமல் நில்லுங்கள், அவர்கள் ஓடிவந்து களைக்கட்டும்' என்பது பாம்பேயின் கட்டளை. சீசரின் வீரர்கள் ஓடிவருகிறார்கள். எதிரி நகரவில்லை என்று கண்டதும், யாரும் சொல்லாமலே பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். பிறகுதான் பாய்கிறார்கள். பல்லாண்டு போர்க்களப் பழக்கம் அது!

லேபியேனஸின் குதிரைகள் சீசரின் குதிரைகளைத் தள்ளிக்கொண்டு வந்ததும், அந்த ஆறு பிரிவுகளும் எழுந்து ஈட்டியால் குத்தின. குதிரைப்படை மலைப்பக்கம் சிதறியது. காவலற்றுப் போன வில்லாளிகளும் கவண்காரர்களும் வெட்டுண்டார்கள். பாம்பேயின் இடப்பக்கம் வளைக்கப்பட்டது.

பாம்பேயின் பாசறைக்குள் நுழைந்த சீசரின் வீரர்கள் கண்டதென்ன? வெள்ளித் தட்டுகள் பரப்பிய மேசைகள், பசும்புல் விரித்த கூடாரங்கள், செனட்டர் லெண்டுலஸின் கூடாரத்தில் பசுங்கொடித் தோரணம். விருந்து தயார்.

பாம்பே எகிப்துக்கு ஓடினார். செப்டம்பர் 28-இல் அங்கே கரையிறங்கும்போதே கொல்லப்பட்டார். சண்டை ஓயவில்லை. கி.மு. 45-இல் ஸ்பெயினின் முண்டாவில் பாம்பேயின் மகன்களோடும் சீசர் மோத வேண்டியிருந்தது. லேபியேனஸ் விழுந்தது அந்தக் களத்தில்தான்.