டயர் வெறுமனே சுத்தும்போது கார் என்ன செய்யுது?

காட்சி: மலைப்பாதை, மழை விட்ட நேரம். வளைவுல ஏறுற காரோட இடது முன் சக்கரம் மட்டும் கிட்டத்துல.

கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவு. அதுல இடது பக்கம் திரும்புற ஒரு வளைவுல முதல் கியர்ல ஏறிட்டு இருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். ஆக்சிலரேட்டரை அழுத்தினதும் முன்னால 'கிர்ர்'னு ஒரு சத்தம். உடனே இஞ்சின் சத்தம் தானா அடங்குது. மீட்டர்ல ஒரு மஞ்சள் விளக்கு மினுக்குது: சின்னதா ஒரு கார், கீழ நெளிநெளியா ரெண்டு கோடு. வண்டி மெதுவா மேல ஏறிடுது.

அந்த ஒரு நொடியில வேலை பார்த்தது டிராக்‌ஷன் கன்ட்ரோல், அதாவது சக்கரம் வழுக்கி வெறுமனே சுத்தாம பார்த்துக்குற அமைப்பு.

சரி, ஏன் அந்தச் சக்கரம் மட்டும் சுத்துச்சு? நம்ம சின்ன கார்கள் பெரும்பாலும் முன் சக்கரம் இழுக்குற வண்டிங்க. மேடு ஏறும்போது பாரம் பின்னால போயிடும். இடது பக்கம் ஒடிக்கும்போது வலது பக்கம் சாயும். ஆக, இடது முன் சக்கரத்து மேல பாரம் ரொம்பக் குறைவு. அடியில ஈர மண் வேற.

தார் ரோட்டுல, வண்டி போற வேகத்தை விட சக்கரம் 10லேர்ந்து 20 சதவீதம் கூடுதலா சுத்துற வரைக்கும் டயர் நல்லா பிடிக்கும். அதைத் தாண்டினா கிரிப் குறையும். குறையக் குறைய இன்னும் வேகமா சுத்தும். அப்போ பக்கவாட்டு கிரிப்பும் போயிடும், ஸ்டியரிங்கை ஒடிச்சாலும் வண்டி நேரா போகப் பார்க்கும். மலைப்பாதையில எனக்குப் பயம் இதுலதான்.

காட்சி: கழட்டி வெச்ச சக்கரம். ஹப் பக்கத்துல பல் வெச்ச வளையம், அதை ஒட்டி விரல் அளவுக்கு ஒரு சென்சார்.

இது ஏபிஎஸ்ஸுக்காக, அதாவது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்குற அமைப்புக்காக வெச்ச சென்சார். வளையத்தோட ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது கம்ப்யூட்டருக்கு ஒரு சிக்னல் போகும். பின் சக்கரங்க 8 கிலோமீட்டர் வேகம்னு சொல்லுது, இடது முன் சக்கரம் 25னு சொல்லுது. அது வெறுமனே சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குப் புரிஞ்சிடும்.

முதல்ல இஞ்சினை அடக்கும். உங்க கால் அழுத்திட்டே இருந்தாலும் இஞ்சினுக்குக் காத்து போற த்ராட்டிலைக் கொஞ்சம் மூடிடும், ஸ்பார்க்கைத் தாமதமா கொடுக்கும்.

அடுத்தது பிரேக். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. இஞ்சின் விசையை இடது, வலது சக்கரத்துக்குப் பிரிச்சுக் கொடுக்குற கியர் அமைப்புதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் ரெண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்கு விசைதான் கொடுக்கும். சேத்துல இருக்குற இடது சக்கரம் 100 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையோட அளவு) தான் தாங்கும்னா, நல்ல தார்ல நிக்கிற வலது சக்கரத்துக்கும் அதே 100தான். வண்டி ஏறாது. இப்போ கம்ப்யூட்டர் இடது சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டு 300 நியூட்டன் மீட்டர் அளவுக்குப் பிடிக்குது. இடது பக்கம் மொத்தம் 400 ஆச்சா? டிஃபரன்ஷியல் வலது பக்கமும் 400 கொடுத்தாகணும். அந்த வலது சக்கரம்தான் வண்டியை மேல இழுக்குது.

பாஷ் கம்பெனி 1978ல ஏபிஎஸ் கொண்டு வந்துச்சு, 1986ல அதே அடிப்படையில டிராக்‌ஷன் கன்ட்ரோல். சென்சாரும் பிரேக் வால்வும் ஏற்கனவே வண்டியில இருந்துச்சே.

ஒண்ணை மட்டும் தப்பா புரிஞ்சுக்காதீங்க. இது புதுசா கிரிப் எதையும் உண்டாக்காது, இருக்குற கிரிப்புக்குள்ள விசையை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். என் வண்டியில முன் டயர் தேய்ஞ்சிருந்தப்போ லேசான தூறலுக்கே அந்த விளக்கு மினுக்கும். டயர் மாத்தின பிறகுதான் நின்னுச்சு. விளக்கு மினுக்கினா காலைத் தளர்த்துங்க.

மணல்லயோ ஆழமான சேத்துலயோ மாட்டிக்கிட்டா கதை வேற. அங்க சக்கரம் கொஞ்சம் சுத்தித்தான் வெளிய வரணும், இது இஞ்சினை அடக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் ஆஃப் பட்டன். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காம மறுபடி ஆன் பண்ணிடுங்க.